அரியணை பேரனுக்கு, விசாரணை பாட்டிக்கு

வடமேற்கு ஜெர்மனியின் லிப்பே என்ற குட்டி நாட்டை ஆண்டுவந்த வோல்டெமார், 1895 மார்ச் 20 அன்று பிள்ளையில்லாமல் இறந்தார். நாட்டின் பரப்பு சுமார் 1,200 சதுர கிலோமீட்டர்தான். அடுத்துப் பட்டத்துக்கு வந்த தம்பி அலெக்சாண்டர் மனநலம் குன்றியவர். அவருக்கும் வாரிசு இல்லை. அவர் பெயரில் ஆட்சி நடத்த ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவருக்குப் பின் பட்டம் யாருக்கு என்பதும் தெரிய வேண்டும். மூன்று பங்காளிக் கிளைகள் இருந்தன. மூன்றின் கொடிவழியும் அச்சிலேயே கிடைத்தது. எது மூத்த கிளை, எது இளைய கிளை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்படியும் வழக்கு பத்தாண்டு இழுத்தது. 1803இல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஒரு பெண்ணின் குலம்தான் காரணம்.

ஜெர்மன் சிற்றரச வம்சாவளிகளைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். ஆண்களுக்கு மட்டுமே உரிமை என்றால் ஆண்களின் பட்டியலைப் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஆண்களின் வரிசையை அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். அந்த வரிசை செல்லுமா செல்லாதா என்பதை ஒவ்வொரு தலைமுறையிலும் அங்கே மணம் முடித்து வந்த பெண்ணின் பிறப்புதான் தீர்மானிக்கும். வாரிசுரிமையே இல்லாத பெண்களைப் பற்றித்தான் வழக்கறிஞர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள்.

எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் முதலில் அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பழைய புனித ரோமப் பேரரசில் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டு, பேரரசு மன்றத்தில் இடமும் வாக்கும் பெற்றிருந்த குடும்பங்கள் மேல் அடுக்கு. நிலம், கோட்டை, 'ஃபான்' என்ற முன்னொட்டு எல்லாம் இருந்தும் மன்றத்தில் இடமில்லாதவர்கள் கீழ் அடுக்கு. பட்டத்தின் பெயரை வைத்து இதைச் சொல்ல முடியாது. கிராஃப் (ஆங்கிலத்தில் கவுண்ட்) என்ற பிரபுப் பட்டம் பெற்ற எத்தனையோ குடும்பங்கள் கீழ் அடுக்கிலேயே இருந்தன. அதே பட்டமுள்ள காஸ்டெல், எர்பாக் குடும்பங்கள் மேல் அடுக்கு. 1806இல் நெப்போலியனின் பாதுகாப்பில் ஜெர்மன் அரசுகள் சேர்ந்த ரைன் கூட்டமைப்பு உருவானபோது மேல் அடுக்கைச் சேர்ந்த பல குடும்பங்கள் தங்கள் ஆட்சியைப் பெரிய அண்டை அரசர்களிடம் இழந்தன. 1815 ஜூன் 8 அன்று கையெழுத்தான ஜெர்மன் கூட்டாட்சிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அவர்களுக்கு ஓர் ஆறுதல் தந்தது: நாடு போனாலும் ஆளும் குடும்பங்களோடு திருமணத்தில் சமகுலம் என்ற தகுதி போகாது. இதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் கையகல நிலம்கூட ஆளாத ஒரு கிராஃபின் மகளை மன்னர் மகன் தடையில்லாமல் மணக்க முடிந்தது. கீழ் அடுக்கைச் சேர்ந்த பெரும் பணக்காரரின் மகளை மணந்தால் சிக்கல்.

இந்தச் சமகுலத் தகுதியை ஜெர்மனியர் எபன்பூர்ட்டிக்கைட் என்பார்கள். தகுதியில்லாத பெண்ணை மணப்பது குற்றமல்ல; திருச்சபையின் பார்வையில் அது முழுமையான திருமணம். ஆனால் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தந்தையின் பட்டமும் வராது, ஆட்சியும் வராது. வேறு பெயர் ஒன்றை உண்டாக்கித் தருவார்கள். ஹெஸ்ஸே இளவரசர் அலெக்சாண்டர் 1851இல் யூலியா ஹவுக்கேயை மணந்தபோது உருவான பாட்டன்பெர்க் என்ற பெயர் இந்த வகை.

எது சமகுலம் இல்லாத திருமணம் என்று எழுதிய ஒரே பேரரசுச் சட்டம் எங்கும் இல்லை என்பதுதான் வேடிக்கை. சாக்ஸ்-மைனிங்கன் பிரபு ஆன்டன் உல்ரிக் 1711இல் ஒரு படைத் தலைவரின் மகளான ஃபிலிப்பினே எலிசபெத் சேசரை மணந்தார். 1727இல் பேரரசர் ஆறாம் சார்லஸிடம் பேசி மனைவிக்கு இளவரசிப் பட்டமும் பிள்ளைகளுக்கு வாரிசுத் தகுதியும் வாங்கிவிட்டார். பங்காளிகள் கொதித்தார்கள். 1742இல் அடுத்த பேரரசர் ஏழாம் சார்லஸ் தேர்தலுக்கு முன் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு வரியைச் சேர்க்க வைத்தார்கள்: 'ஊரறிந்த, மறுக்க முடியாத பொருந்தா மணத்தில்' பிறந்த பிள்ளைகளைப் பேரரசர் வாரிசுகளாக உயர்த்தக் கூடாது. ஆன்டன் உல்ரிக்கின் பிள்ளைகள் வெளியே தள்ளப்பட்டார்கள். முதல் மனைவி இறந்த பிறகு, அறுபதைத் தாண்டிய வயதில், அவர் 1750இல் ஹெஸ்ஸே-ஃபிலிப்ஸ்டால் குடும்பத்துப் பெண்ணை மணந்து எட்டுப் பிள்ளைகள் பெற்றார். பிற்கால மைனிங்கன் பிரபுக்கள் இந்த இரண்டாம் தாரத்தின் வழியில் வந்தவர்கள்.

'ஊரறிந்த' என்றால் என்ன? விவசாயி மகள், நகரத்து வணிகர் மகள் என்றால் தெளிவு. கீழ் அடுக்குப் பிரபுவின் மகள் என்றால்? சட்டம் வாயைத் திறக்கவில்லை. அந்த வெற்றிடத்தைக் குடும்பச் சட்டங்கள் நிரப்பின. ஒரு குடும்பம் ஆளும் வம்சத்துப் பெண்ணைத்தான் ஏற்கும். இன்னொன்று கிராஃப் மகளுக்கு இறங்கி வரும். வேறொன்று பழம்பெரும் வீரர்குலம் என்றால் போதும் என்று விட்டுவிடும். எழுத்தில் எதுவும் இல்லாத குடும்பத்தில் முன்னோர் யார் யாரை மணந்தார்கள், அதற்கு யாராவது ஆட்சேபம் தெரிவித்தார்களா என்ற வழக்கம்தான் பேசும். லிப்பே வழக்கு சிக்கியது இந்த வெற்றிடத்தில்தான்.

லிப்பே குடும்பத்தின் எல்லாக் கிளைகளும் 1613இல் இறந்த ஆறாம் சைமன் வழியில் வந்தவை. மூத்த மகன் ஏழாம் சைமனின் வழியில் ஆட்சி செய்தது டெட்மோல்ட் கிளை. அதே ஏழாம் சைமனின் இளைய மகன் வழியில் பீஸ்டர்ஃபெல்ட். அதிலிருந்து பிரிந்தது வைசன்ஃபெல்ட். ஆறாம் சைமனின் கடைசி மகன் ஃபிலிப்பின் வழி ஷௌம்பூர்க்-லிப்பே. ஆக, டெட்மோல்ட் முடிந்தால் வரிசை பீஸ்டர்ஃபெல்ட், வைசன்ஃபெல்ட், ஷௌம்பூர்க் என்று போகும். கடைசியில் நின்ற ஷௌம்பூர்க்குக்கு ஒரே வழி, முன்னால் நின்ற இரண்டு கிளைகளையும் திருமணத்தைக் காட்டித் தகுதியிழக்கச் செய்வது. அந்தக் கிளையின் அடால்ஃப், ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் தங்கை கணவர். வோல்டெமார் 1890இலேயே அடால்ஃபைப் பொறுப்பாளராக நியமித்து ரகசியமாக எழுதி வைத்திருந்தார். இறந்த பிறகு அது வெளியானது. அடால்ஃப் வந்து உட்கார்ந்தும்விட்டார்.

இங்கே முன்னோர்ப் பட்டியலுக்கு இடும் எண்களைத் தெரிந்துகொள்வது உதவும். ஸ்டெஃபான் கேகுலே ஃபான் ஸ்ட்ராடோனிட்ஸ் 1898இல் வெளியிட்ட முன்னோர் அட்டவணையால் பரவலான முறை அது. ஆராயப்படும் ஆளுக்கு 1. எந்த ஆளின் எண்ணையும் இரட்டித்தால் தந்தை; இரட்டித்து ஒன்று கூட்டினால் தாய். பீஸ்டர்ஃபெல்ட் கிளைத் தலைவர் எர்ன்ஸ்டுக்கு 1 போடுங்கள். தந்தை யூலியஸ் 2. யூலியஸின் தந்தை வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட் 4, தாய் மோடெஸ்டே ஃபான் உன்ரூ 5. வழக்கு முழுவதும் அந்த 5ஆம் எண்ணைச் சுற்றித்தான். மோடெஸ்டே கீழ் அடுக்கு. எதிர்த்தரப்பு இரண்டு அடியாக அடித்தது: கீழ் அடுக்குப் பெண்ணே பொருந்தாதவள் என்பது ஒன்று, அவர் தந்தை உண்மையிலேயே பழைய உன்ரூ பிரபுக் குடும்பத்தவர்தானா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்குத் திருச்சபைப் பதிவேடுகளைத் தோண்ட வேண்டியிருந்தது. பாட்டி இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து அவருடைய பிறப்பைப் பேராசிரியர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

சாக்சனி மன்னர் ஆல்பெர்ட் தலைமையில் உயர் நீதிபதிகள் அடங்கிய நடுவர் மன்றம் 1897 ஜூன் 22 அன்று எர்ன்ஸ்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் தீர்ப்பு எர்ன்ஸ்ட் என்ற ஆளைப் பற்றியது. அவர் மகன்களின் தகுதி பற்றி அது முடிவாக எதுவும் சொல்லவில்லை. பிரச்சினையை மறுபடி எழுப்ப அந்த ஓட்டை போதுமானதாக இருந்தது. எர்ன்ஸ்டின் மனைவி கரோலினே, வார்ட்டன்ஸ்லேபன் குடும்பத்து கிராஃபின் மகள். கரோலினேயின் தாய் பிரபுக் குலமே இல்லை. எர்ன்ஸ்டின் மகன் லியோபோல்டுக்கு 1 போட்டால் மோடெஸ்டே 9 ஆகப் பின்னால் தள்ளிப்போகிறார். அந்த இடத்தில் 3 என்ற புதுச் சிக்கல் முளைக்கிறது. இதற்கிடையில் 1898இல் எர்ன்ஸ்ட் தன் பிள்ளைகளுக்கு டெட்மோல்ட் படையினர் உரிய மரியாதை தருவதில்லை என்று பேரரசருக்கு எழுதினார். பொறுப்பாளருக்கு உரியது பொறுப்பாளருக்கு, அதற்கு மேல் எதுவும் கிடையாது என்ற தொனியில் சூடாகப் பதில் தந்தி வந்தது. 1904 செப்டம்பரில் எர்ன்ஸ்ட் இறந்ததும் லியோபோல்டின் பொறுப்பை ஏற்க முடியாது, சட்ட நிலைமை தெளிவில்லை என்று இன்னொரு தந்தி. அடுத்த ஜனவரியில் அலெக்சாண்டரும் இறந்தார். 1905 அக்டோபர் 25 அன்று லைப்சிக்கில் பேரரசு உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் மன்றம் லியோபோல்டே ஆட்சியாளர் என்று தீர்த்து வைத்தது.

வென்ற லியோபோல்ட் பிறகு என்ன செய்தார் என்பது இந்த வழக்கத்தின் பிடிவாதத்தைக் காட்டும். 1909இல் அவர் தம்பி பெர்ன்ஹார்ட், கீழ் அடுக்குப் பழம்பெரும் குடும்பமான க்ராம் வீட்டுப் பெண் ஆர்ம்கார்டை மணந்தார். மோடெஸ்டேயின் கொள்ளுப்பேரன் வீட்டில் இந்தத் திருமணம் சமகுலமாக ஏற்கப்படவில்லை. 1911இல் பிறந்த மூத்த மகனுக்கு பீஸ்டர்ஃபெல்ட் கிராஃப் என்ற பெயர்தான் கிடைத்தது. 1916இல்தான் லியோபோல்ட் அவர்களை இளவரசர் நிலைக்கு உயர்த்தினார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் நெதர்லாந்து அரசி யூலியானாவை மணந்த பெர்ன்ஹார்ட்.

லிப்பே அளவுக்குப் பேர் வாங்காத வழக்குகள் ஏராளம். வட கடலோரம் க்னிப்ஹவுசன் என்ற துளி நிலத்தை ஆண்ட பென்டிங்க் கிராஃப் 1835இல் இறந்தார். அவர் ஒரு விவசாயி மகளோடு வாழ்ந்து, பிள்ளைகள் பிறந்த பிறகே முறைப்படி திருமணம் செய்துகொண்டவர். அந்த மகன்களுக்கும் பங்காளிகளுக்கும் நடந்த சண்டை 1854 வரை ஓடி, ஓல்டன்பூர்க் அரசு நிலத்தை விலைக்கு வாங்கிய பிறகே ஓய்ந்தது. ஷ்வார்ட்ஸ்பூர்க்கில் நிலைமை தலைகீழ். அங்கே ஆண் வாரிசே அற்றுப்போகும் நிலை வந்ததும், பொருந்தா மணத்தில் 1860இல் பிறந்து லாய்ட்டன்பெர்க் இளவரசர் என்ற தனிப் பெயரோடு இருந்த சிட்சோவை 1896இல் குடும்ப ஒப்பந்தத்தின் மூலம் முழு வாரிசாக ஏற்றுக்கொண்டார்கள். பங்காளிகள் அனைவரும் ஒப்புக்கொண்டால் குடும்பச் சட்டம் வளையும். ஒருவர் மறுத்தாலும் வழக்குதான்.

சமகுலம் தேறிவிட்டது என்றால் அடுத்த கேள்வி வரிசை முறை. எல்லா இடத்திலும் மூத்த மகன் வழி என்று வைத்துக்கொள்வது பெரிய தவறு. ஒருவர் பிள்ளையில்லாமல் இறக்கிறார் என்று வைப்போம். இறந்துபோன பெரிய தம்பியின் 10 வயதுப் பேரன் இருக்கிறான். 50 வயதுச் சின்னத் தம்பி இருக்கிறார். 70 வயதுச் சித்தப்பா மகன் இருக்கிறார். பிரிமோகெனிட்டூர் முறையில் மூத்தவர் வழி என்பதால் 10 வயதுப் பேரனுக்கு. மயோராட் முறையில் உறவில் நெருங்கியவர் என்பதால் சின்னத் தம்பிக்கு. செனியோராட் முறையில் குடும்பத்திலேயே வயதில் மூத்தவர் என்பதால் 70 வயதுக்காரருக்கு. ஒரே குடும்பத்தில் ஆட்சிக்கு ஒரு முறையும் ஓர் எஸ்டேட்டுக்கு வேறு முறையும் இருந்ததுண்டு. ஃபிடைகொமிஸ் எனப்படும் பிரிக்கவோ விற்கவோ முடியாத குடும்ப நிலங்களுக்கு அதை உண்டாக்கிய சாசனத்தில் எந்த முறை எழுதியிருக்கிறதோ அதுதான். அந்தச் சாசனத்தைப் படிக்காமல் 'அடுத்த வாரிசு இவர்' என்று எழுதுவது ஊகம்தான். இந்த நிலக் கட்டு முழுவதும் 1938 ஜூலைச் சட்டத்தால் 1939 ஜனவரி 1 முதல் ஒழிந்தது.

பட்டத்தின் பரவலிலும் கவனம் தேவை. இங்கிலாந்தில் மூத்த மகனுக்கு மட்டும் பட்டம். ஜெர்மனியில் பொதுவாக ஒரு கிராஃபுக்குப் பிறந்த மகன்கள் அனைவரும் கிராஃப், மகள்கள் அனைவரும் கிரேஃபின். எனவே ஒரே காலத்தில் ஒரே குடும்பத்தில் முப்பது கிராஃப்கள் இருக்கலாம். அவர்களில் ஒருவர்தான் குடும்பத் தலைவர். விதிவிலக்கு, 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யாவில் மூத்த மகனுக்கு மட்டும் என்று வழங்கப்பட்ட சில பட்டங்கள்.

மகள்கள் திருமணத்தின்போது சீதனம் வாங்கிக்கொண்டு உரிமைத் துறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். பல பத்திரங்களில் 'ஆண்வழி அற்றுப்போகும் வரை' என்று ஒரு வரி இருக்கும். ஆண்வழி முடியும் நாளில், கடைசி ஆணின் மகளுக்கா அல்லது நூறாண்டுக்கு முன் துறந்துபோன பெண்ணின் சந்ததிக்கா என்ற சண்டைக்கு அந்த வரியே வித்து. 1740இல் மரியா தெரேசாவுக்கு எதிராக பவேரியா கிளப்பிய உரிமைக்கோரிக்கையும் இந்த இனம்தான்.

ராய்ஸ் குடும்பத்தைத் தொடுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அந்த வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு ஆணுக்கும் ஹைன்ரிச் என்றே பெயர். எண் ஆட்சி வரிசையைக் காட்டாது, பிறந்த வரிசையைக் காட்டும். ஆளாமலே குழந்தையில் இறந்தவனுக்கும் எண் உண்டு. கிரைட்ஸில் இருந்த மூத்த கிளை 100 வரை எண்ணிவிட்டு மறுபடி 1இல் தொடங்குவது என்று வைத்திருந்தது. 24இல் கிளையே முடிந்துபோனது. கேராவில் இருந்த இளைய கிளை ஒவ்வொரு நூற்றாண்டிலும் 1இலிருந்து தொடங்கும். ஆகவே 1867 முதல் 1913 வரை ஆண்டவர் ஹைன்ரிச் 14, அவர் மகன் ஹைன்ரிச் 27. 1878இல் பிறந்து 1927இல் இறந்த மூத்த கிளையின் கடைசி ஆண் ஹைன்ரிச் 24. 1855இல் பிறந்த இசையமைப்பாளர், இளைய கிளையின் கோஸ்ட்ரிட்ஸ் பிரிவைச் சேர்ந்த ஹைன்ரிச் 24 வேறு ஆள். 2022 டிசம்பரில் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வழக்கில் கைதான ஹைன்ரிச் 13 பற்றிய செய்திகளைப் படித்தவர்கள் அவரைப் பதின்மூன்றாவது குடும்பத் தலைவர் என்று நினைத்திருக்கலாம். அந்த எண் சொல்வது அவர் 20ஆம் நூற்றாண்டில் அந்த வீட்டில் பிறந்த பதின்மூன்றாவது ஆண் என்பதை மட்டும். இந்தக் குடும்பத்தில் எண்ணோடு பிறந்த ஆண்டையும் சேர்த்து எழுதாத குறிப்பு பயன்படாது.

கீழ் அடுக்கில் ஆட்சி இல்லாததால் சமகுலச் சண்டையும் இல்லை என்றாலும், அங்கே வேறொரு சல்லடை இருந்தது. மைன்ஸ், வூர்ட்ஸ்பூர்க் போன்ற பேராலயக் குழுக்களிலும் டியூட்டன் வீரர் சபையிலும் வருமானமுள்ள இடம் வேண்டுமானால் 16 முன்னோரும் பிரபுக் குலம் என்று நிரூபிக்க வேண்டும். அதாவது கேகுலே எண்ணில் 16 முதல் 31 வரை. ஒவ்வொருவரின் குலச்சின்னத்தையும் வண்ணத்தில் தீட்டிய பலகை, அது சரி என்று சத்தியம் செய்யப் பிற பிரபுக்கள். அந்தப் பலகைகள் இன்றும் நல்ல ஆதாரம், தாய்வழிக்கு முக்கியமாக. ஆனால் சத்தியம் செய்தவர்கள் பெரும்பாலும் விண்ணப்பதாரரின் உறவினர்களே என்பதை மறக்க வேண்டாம்.

ஆதாரங்களில் பெரும்பாலோர் முதலில் திறப்பது கோத்தா நகரில் யூஸ்டுஸ் பெர்த்தெஸ் பதிப்பகம் வெளியிட்ட ஆண்டுப் புத்தகங்களை. கிராஃப் குடும்பங்களுக்கு 1825 முதல், ஃப்ரைஹெர் (பாரன்) குடும்பங்களுக்கு 1848 முதல், பழங்குலப் பிரபுக்களுக்கு 1900 முதல், பட்டயத்தால் பிரபுவானவர்களுக்கு 1907 முதல் தனித்தனித் தொகுதிகள் வந்தன. போருக்குப் பின் 1951இல் தொடங்கிய கையேட்டு வரிசை அந்த வேலையைத் தொடர்ந்தது. உயிரோடிருந்த தலைமுறைக்கு இவை மிக நம்பகமானவை. பழைய தலைமுறைக்கு அப்படிச் சொல்ல முடியாது, ஏனெனில் தகவலை அனுப்பியதே குடும்பங்கள்தான். பதிப்பாசிரியர்கள் பிற்காலத்தில் கடுமையானார்கள். எனவே 1850களின் தொகுதியில் சிலுவைப்போர் வரை நீண்ட ஒரு வம்சம் 1930களின் தொகுதியில் 1400களில் தொடங்கினால், பின்னதை நம்புங்கள். தொகுதிகள் ஒவ்வோர் ஆண்டும் எல்லாக் குடும்பத்தையும் முழுமையாகத் தருவதில்லை. 'முந்தைய தொகுதியைப் பார்க்க' என்ற குறிப்பைப் பின்பற்றாவிட்டால் இளமையில் இறந்தவர்களும் முதல் மனைவிகளும் விடுபட்டுப்போவார்கள். நமக்கு வேண்டியதோ அந்த முதல் மனைவிகள்தான்.

ஒரு வரிசையைச் சரிபார்க்க எனக்குச் சரியாகப் படும் ஒழுங்கு இது. கடைசியாக ஐயமில்லாமல் உரிமை பெற்றிருந்த பொது முன்னோரிடமிருந்து கீழ்நோக்கி இறங்குங்கள். ஒவ்வொரு திருமணத்துக்கும் நாள், இடம், மணமகளின் பெற்றோர் இருவரின் குலம், குடும்பத் தலைவர் தந்த எழுத்து அனுமதி ஆகியவற்றைக் குறியுங்கள். அந்த நாளில் நடப்பிலிருந்த குடும்பச் சட்டத்தோடு ஒப்பிடுங்கள். பின்னால் திருத்திய சட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் பலர் வழி தவறுகிறார்கள். பதிவேடு வேண்டுமென்றால் பேரரசு முழுவதும் அரசுப் பதிவகங்கள் 1876 ஜனவரி 1 முதல், பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதல். அதற்கு முன் திருச்சபை ஏடுகள், அவற்றில் பல முப்பதாண்டுப் போரில் (1618–1648) எரிந்தவை. 1582க்கும் 1700க்கும் இடையில் கத்தோலிக்கப் பகுதிகளுக்கும் பல புராட்டஸ்டன்ட் பகுதிகளுக்கும் நாள்காட்டியில் 10 நாள் வித்தியாசம். ஒரே ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் கிடைத்தால் இரண்டு பிள்ளைகள் என்று முடிவுகட்டும் முன் அதைக் கழித்துப் பாருங்கள்.

1919க்குப் பிந்தைய பெயர்களை இந்த முறையோடு கலக்கவே கூடாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாளிட்ட வைமர் அரசியலமைப்பின் 109ஆம் பிரிவு பிறப்பால் வரும் சட்டச் சலுகைகளை ஒழித்தது. பட்டங்கள் குடும்பப் பெயரின் பகுதியாக மட்டும் நின்றன. புதிதாக யாருக்கும் தர முடியாது. ஆஸ்திரியா அதே ஆண்டு பெயரிலிருந்தே அவற்றை வெட்டியது. ஜெர்மனியில் பெயர் என்று ஆன பிறகு அது பெயர்ச் சட்டப்படி நகரும்: தத்துப்பிள்ளைக்குப் போகும், திருமணமாகாத தாயின் பிள்ளைக்குப் போகும், 1976 சீர்திருத்தத்துக்குப் பின் மனைவியின் பெயரை எடுத்துக்கொள்ளும் கணவனுக்கும் போகும். அன்ஹால்ட் குடும்பத்தில் 1980இல் நடந்த ஒரு தத்து உலகப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. பழைய பிரபுச் சட்டப்படி யாரைக் குலத்தவராக ஏற்கலாம் என்று பார்க்க மார்பூர்க்கில் பிரபுக் குல அமைப்புகளின் தனிக் குழு ஒன்று இயங்குகிறது. அதன் முடிவு கையேட்டில் இடம் பெறுவதற்கும் சங்கங்களில் சேர்வதற்கும் உதவும்; அரசு அலுவலகத்தில் செல்லாது.

சமகுல நிபந்தனை சொத்து ஆவணங்களுக்குள் மட்டும் பதுங்கி உயிர்வாழ்ந்தது. ஹோஹென்சொல்லர்ன் குடும்பம் சிற்றரசு இல்லை என்றாலும் அதன் வழக்கு எல்லோருக்கும் பொருந்தும். 1938இல் எழுதிய வாரிசு ஒப்பந்தம் பொருந்தா மணம் செய்தவரையும் அதில் பிறந்தவரையும் விலக்கியது. 1994இல் லூயி ஃபெர்டினான்ட் இறந்ததும் மூத்த மகன் வழக்குத் தொடுத்தார். கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 1998இல் அந்த நிபந்தனை செல்லும் என்றது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2004 மார்ச் 22 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது: பெரும் சொத்தைக் காட்டி ஒருவர் யாரை மணக்கலாம் என்பதில் அழுத்தம் தருவது திருமணச் சுதந்திரத்தைத் தொடுகிறதா என்று கீழ் நீதிமன்றங்கள் போதிய அளவு எடைபோடவில்லை என்று சொல்லி, மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. எல்லா நிலையிலும் நீதிமன்றங்கள் பார்த்தது சொத்து யாருக்கு என்பதை மட்டுமே. குடும்பத் தலைவர் யார் என்ற கேள்வியைப் பங்காளிகள் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்கிறார்கள்.